கண்டுபிடித்தவர் பெயர்

ஆனி 9, திங்கள்

கச்சான் காற்று, கடல் கொந்தளிப்பு. மூதூரிலிருந்து வரும் லோஞ்ச் படகு பிந்தி, நான் சம்பளத்துக்கு நிற்கும் பட்டறைக்கும் பிந்தி. ஜெயரட்ணம் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பயிற்சி நிலையத்தின் தலைவர் அல்லவா.

சுவரில் புது அறிவித்தல். புதன்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். கண்டுபிடிப்புகளுக்கு ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பிப்பவர்களில் பெண்கள் குறைவாம், தமிழ் பேசுபவர்கள் அதிலும் குறைவாம், ஆகவே எங்களைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்களாம். பெரிய மனசு. அறிவித்தல் முழுக்க ஆங்கிலத்தில்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு பித்தளைக் குழாய். உள்ளே சைக்கிள் சில்லிலிருந்து எடுத்த இரும்பு உருண்டை. அடுப்பு சரிந்தால் உருண்டை போய் எண்ணெய் வழியை அடைத்துவிடும். போன மாரியில் ஷெல் அதிர்வில் அடுப்பு கவிழ்ந்து உம்மாவின் கை வெந்தது. அன்றிலிருந்து, வகுப்பு முடிந்தபின் பட்டறையில் இருந்து செய்தது. சேர் செய்த ஒரே உதவி, முணுமுணுத்துக்கொண்டு சாவி தந்தது.

வாங்க: உப்புத்தாள், சவர்க்காரம், உம்மாவின் களிம்பு.

ஆனி 11, புதன்

வெயில். தலையிடி.

சேரும் நானும் நடந்துதான் கூட்டத்துக்குப் போனோம். துறைமுக வீதி ஆமிச் சென்ரியில், சோதனைக்காக, என் பையைக் கொட்டினார்கள். பித்தளைக் குழாய். உள்ளே ஏதோ உருளும் சத்தம். ஆமிக்காரன் குண்டென்று நினைத்துத் துவக்கை நிமிர்த்தினான். யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். பின்னால் நின்ற சனம் தானாக விலகியது. என் வாய் சொல்லிவிட்டது: "சேருடையது."

சேர் சிங்களத்தில் ஏதோ பகிடி சொன்னார். அவன் சிரித்தான். விட்டான். அந்த நேரம் சேர் நூறு வருசம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு விளக்கியவரும் சேர்தான். நான்? "உதவி செய்த பிள்ளை." கொழும்பு மிஸ், தமிழ்ப் பெண், என்னை முன்வரிசைக்கு இழுத்தார். "முக்காடு வடிவாத் தெரியட்டும், படத்துக்கு வேணும்." படத்துக்கு நான், பத்திரத்துக்கு அவர். பற்றி எரிந்தது எனக்கு.

ஆனி 13, வெள்ளி

கேட்டேவிட்டேன்.

"சேர், விண்ணப்பத்தில ஆருட பேர் போட்டனீங்கள்?"

"என்ர பேர். நீர்தானே சென்ரியில சேருடையது எண்டு சொன்னனீர்."

"அது ஆமிக்குச் சொன்னது."

"ஆமிக்கு ஒரு கதை, கொழும்புக்கு ஒரு கதை சொல்ல ஏலாது பிள்ளை. உம்மட பேரில போனா ஆமி விசாரணை அது இதெண்டு இழுபடும். திங்கள் மிஸ் வருவா. சேர் செய்ததைப் பார்த்தனான் எண்டு நீர் சாட்சிக் கையெழுத்துப் போடும், அவ்வளவு காணும்."

மனுசன் இதைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பேரீச்சம்பழம் ஒன்றையும் எடுத்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

வீட்டில் உம்மா: "பேரை வெச்சி என்ன செய்யப்போறாய் மகள்? உன்ட சம்பளத்திலதானே அடுப்பு எரியுது." வெந்த கையாலேயே சோறு போட்டுத் தந்தார். அவரோடு சண்டை பிடிக்க ஏலாது.

வெறுப்பு. சேர் மேல், அறிவித்தல் மேல், என் வாய் மேல்.

ஆனி 16, திங்கள்

தூறல். லோஞ்சில் நனைந்தேன்.

மிஸ் விண்ணப்பத்தைச் சாட்சி இடத்தில் விரலை வைத்து நீட்டினார். நான் பேனையை எடுக்கவில்லை.

"இது நான் செய்தது மிஸ்."

சேர் சிரித்தார். "சென்ரியில எல்லாருக்கும் முன்னால இது சேருடையது எண்டு சொன்னவ, மிஸ். கேட்டுப் பாருங்கோ."

"சொன்னனான்தான். என்னுடையது எண்டு சொல்லியிருந்தா இண்டைக்கு நான் இங்க நிண்டிருக்க மாட்டன்."

மிஸ் கொழும்பிலிருந்து வரும் வழியில் எத்தனை சென்ரியில் இறங்கி ஏறியிருப்பார்? சேரைப் பார்க்காமலே கோப்பிலிருந்து வெறும் விண்ணப்பம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். "முழுப்பேர் எழுதுங்கோ."

எழுதினேன்.

மிஸ்ஸின் வான் வெளியேறும்வரை சேர் வாசலில் நின்று கை காட்டினார். பிறகு உள்ளே வந்தார்.

"பட்டறைச் சாவியைத் தாரும். நாளையிலிருந்து வர வேண்டாம்."

கொடுத்தேன். உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.