நாற்பத்தொன்றாவது ஆடு

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குவீன்ஸ்டவுன் எம்ஆர்டி ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் குடை இருந்தும் முழங்காலுக்குக் கீழே தொப்பல். பதினாறாவது வாரம்.

லேப் கதவில் கார்டைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினேன். சிவப்பு. பழக்கதோஷம். கர்ப்பம் என்று சொன்ன மறுநாளே என் கார்டை நிறுத்திவிட்டார்கள். உயிருள்ள ஒட்டுண்ணி இருக்கும் அறைக்குள் கர்ப்பிணி போகக்கூடாது. புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த விதியை வாசித்துக் காட்டுவதே நான்தான்.

ஆகவே மேசை வேலை. லேப் தலைவர் டாக்டர் ரேணுகாவின் கட்டுரைக்கு ஒரு பெரிய அட்டவணை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒரே ஒட்டுண்ணி, சினையாக இருக்கும் எந்த மிருகத்தை எவ்வளவு படுத்துகிறது என்று. இன்று முடித்தது:

குதிரை – ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. கொடுத்து வைத்தது.
மாடு – தாங்கும். கன்று விழுவது அபூர்வம்.
பன்றி – சில சமயம்.
செம்மறி – மோசம். தொடக்கத்தில் வந்தால் கரு கரைந்துபோகும். நடுவில் வந்தால் செத்து விழும். கடைசியில் வந்தால் நோஞ்சான் குட்டி. ஆனால் ஒருமுறை வந்து போய்விட்டால் அடுத்த சினைக்குப் பெரும்பாலும் பயமில்லை.
வெள்ளாடு – செம்மறியைவிட மோசம்.
மனுஷி – நாளைக்கு.

அறைக்கு ஜன்னல் உண்டு, திறக்காது. வெளியே பார்த்தால் ஏர்கான் பெட்டிகள். மதியம் தயிர் சாதம், பாதி வாந்தி.

மாலை ஐந்து மணிக்குக் கிளினிக்கிலிருந்து போன். இங்கே கர்ப்பிணிகளுக்கு இந்த ஒட்டுண்ணிக்கான ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்வதில்லை. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் டாக்டரம்மாவே எழுதிவிட்டார். முடிவு பாசிட்டிவ். நாளைக்குக் கணவரோடு வரவும்.

கதிரிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டு, நிறுத்திய டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிளினிக். கதிர் ஷிப்யார்டில் அரை நாள் லீவு.

டாக்டரம்மா பொறுமைசாலி. படம் வரைந்து காட்டினார். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஆனால் அதன் பிடி பலவீனம். பிடி பலவீனமாக இருந்தால் தொற்று புதிதாக இருக்கலாம், அதாவது கர்ப்பத்துக்குப் பிறகு வந்திருக்கலாம். பழசாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆகவே இன்றிலிருந்து மூன்று வேளை மாத்திரை. 19ஆம் தேதி வயிற்றில் ஊசி போட்டு, குழந்தையைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

“ஊசியால குழந்தைக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?” கதிர்.

அபூர்வமாகக் கலைந்துபோவதுண்டு என்றார். பார்க்காமல் விட்டால் என்ன என்றும் சொன்னார்: கண், மூளை. 

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். லேபில் எப்போதாவது விபத்து? ஊசி குத்தியது, மேலே தெறித்தது, அப்படி ஏதாவது?

“இல்லை” என்றேன்.

ஊசிக்கான சம்மதப் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்து. கதிரின் கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இதை எங்காவது எழுதியே ஆகவேண்டும்.

போன வருடம் மே மாதம். எலிக்கு ஒட்டுண்ணி ஊசி போட்டு முடித்து, செய்யவே கூடாத காரியம், ஊசியின் மூடியைத் திரும்பப் போடப் போனேன். இடது கட்டைவிரலில் குத்தியது. உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம்தான் இங்கே தங்க அனுமதிக்கும் என் வேலை பாஸ் புதுப்பிக்கப் போயிருந்தது. அப்போது கதிருக்கு இங்கே வேலை இல்லை, என் பாஸின் வாலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். விரலைப் பிழிந்தேன், கழுவினேன், புதுக் கையுறை போட்டுக்கொண்டு அடுத்த எலியை எடுத்தேன்.

பத்து நாளில் காய்ச்சல். கழுத்தில் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டிகள். “வைரலா இருக்கும்” என்று கதிர் ரசம் வைத்துக் கொடுத்தார். தானாகவே போய்விட்டது.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மனித ரத்தத்தை லேபில் சோதிக்கத் தனி அனுமதி வேண்டும். ஆட்டு ரத்தத்துக்கு வேண்டாம். நாங்கள் செய்யும் சோதனை எந்த மிருகத்துக்கும் பொதுவானது. பண்ணையிலிருந்து நாற்பது சினை வெள்ளாட்டின் ரத்தம் வந்திருந்தது. என் ரத்தத்தையும் ஒரு குழாயில் விட்டு, என் கையால் ‘ஆடு 41’ என்று எழுதி, ஜூன் 23 என்று தேதி போட்டு வரிசையில் வைத்தேன். பாசிட்டிவ். சரி, வந்து போய்விட்டது, இனி பயமில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த 41ஐப் பட்டியலிலிருந்து நீக்க மறந்தேன் என்று எழுத வந்தது. மறக்கவில்லை. நீக்கினால் யாராவது ஏன் என்று கேட்பார்களே என்று விட்டேன்.

ஆக இது பழைய தொற்று. குழந்தை உண்டாவதற்குப் பல மாதம் முந்தியது. ஊசி தேவையில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும்.

இன்று மதியம் டாக்டர் ரேணுகா என் மேசைக்கே வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நின்றுகொண்டேதான் பேசுவார்.

“சுகந்தி, ஆட்டு டேட்டா பார்த்தேன். ஃபார்ட்டி ஒன்னுக்கு மட்டும் அவுட்கம் காணோம் லா. குட்டி போட்டுச்சா, கலைஞ்சிடுச்சா? ஃபார்முக்கு ஈமெயில் போட்டுக் கேளு.”

“சரி மேடம்.”

ஆகஸ்ட் 7, வியாழன்

மாத்திரை வாயெல்லாம் கசப்பு. தேவையில்லாத மாத்திரை என்று தெரிந்தே விழுங்குவது வேறு மாதிரிக் கசப்பு.

பண்ணைக்கு ஈமெயில் எழுதவில்லை. எழுதி என்ன கேட்பது? நாற்பத்தொன்றாவது ஆடு நலமா என்றா?

மனுஷி வரிசையை முடித்தேன். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் குழந்தைக்குப் போவது குறைவு, போனால் பாதிப்பு அதிகம். கடைசியில் வந்தால் தலைகீழ். முன்பே வந்து போயிருந்தால் பொதுவாகப் பயமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நானே தட்டச்சு செய்து நானே நாலு முறை வாசித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கத் தேசிய தினக் கொடிகள், நேற்றே முடிந்தும் யாரும் எடுக்கவில்லை.

தேக்கா மார்க்கெட். வாங்கியவை: முருங்கைக்கீரை, புதினா, எலுமிச்சை, வாழைக்காய். மட்டன் கடைக்காரர் கூப்பிட்டார், “அண்ணே, வாங்க, நல்ல இளசு, நெஞ்செலும்பு போடவா?” கதிர் என் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு நடந்தார். குழந்தை பிறக்கும்வரை கறி தொடுவதில்லை என்று கோயிலில் வேண்டிக்கொண்டாராம். பிரியாணிக்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கிற மனிதர்.

கழுவாத கீரையிலும் இந்த ஒட்டுண்ணி இருக்கும் என்று படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கீரையை உப்புத் தண்ணீரில் ஐந்து முறை கழுவினார். “போதும்” என்றேன். ஆறாவது முறையும் கழுவினார். எரிந்து விழுந்தேன். பிறகு அவர் ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசியது சமையலறை வரை கேட்டது. “அவ தைரியமாத்தான்மா இருக்கா. எனக்குத்தான் கையும் ஓடல காலும் ஓடல.”

ஏன் சொல்லவில்லை? எழுதிப் பார்க்கிறேன்.

சொன்னால்: விபத்தை மறைத்தது ஒன்று. மனித ரத்தத்தை ஆடு என்று ஏமாற்றியது இரண்டு. வேலை போகும், பாஸ் போகும். கதிரின் இப்போதைய சம்பளத்துக்கு மனைவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்காது. நான் மட்டும் ஊருக்கு. பிரசவம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

சொல்லாவிட்டால்: ஊசி. டாக்டரம்மாவின் கை சுத்தம், ஒன்றும் ஆகாது. அபூர்வம் என்றுதானே சொன்னார்.

அந்த அபூர்வம் நானாக இருந்தால்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கதிரிடம் அல்ல. டாக்டர் ரேணுகாவிடம்.

“ஃபார்ம் ரிப்ளை பண்ணாங்களா?” என்றார். வாய் தானாகத் திறந்தது. “மேடம், 41 ஆடு இல்ல. நான்தான்.”

முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, முதல் தடவையாக என் முன்னால் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஊசி, காய்ச்சல், குழாய், 19ஆம் தேதி. திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என் பேப்பர்ல ஒரு மனுஷிய ஆடுன்னு போட வச்சிருக்க.”

“ஆமா மேடம்.”

“கேளு. நீ இப்ப என்கிட்ட எதுவும் சொல்லல. புரியுதா? சொல்லியிருந்தா நான் இன்னைக்கே ரிப்போர்ட் பண்ணியாகணும், வேற சாய்ஸ் இல்ல. வீட்டுக்குப் போ, ஹஸ்பண்ட்கிட்ட பேசு. வியாழக்கிழமை வந்து சொன்னேன்னா, அப்ப சொன்னதாதான் அர்த்தம்.”

கருணைதான். ஆனால் கதவை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யாராவது என்னை இழுத்துக்கொண்டு போனால் தேவலை.

வீட்டில் கதிர் கீரைக் குழம்பு வைத்திருந்தார். பேசவில்லை. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

லீவு போட்டேன். தலைவலி என்று காரணம், உண்மையும்கூட. பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எந்த இடத்தில் குத்துவார்கள்? தொப்புளுக்குக் கீழேயா, பக்கவாட்டிலா? எத்தனை எலிகளின் வயிற்றில் குத்தியிருக்கிறேன். ஒன்றையும் நான் கேட்டதில்லை.

கதிர் மதியம் போன் செய்தார். “சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?” போட்டேன் என்றேன். அதுவும் பொய். இரண்டு வேளையாகப் போடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொன்னேன். இந்த முறை சொன்னதாகவே அர்த்தம்.

விபத்துப் படிவத்தில் ஒரு கட்டம்: தாமதமாகத் தெரிவிப்பதற்கான காரணம். இடம் ஒரே வரி. ‘பயம்’ என்று போட்டேன். மேடம் வாசித்துவிட்டு மாற்றச் சொல்லவில்லை.

குழாய் ஃபிரீசரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கார்டுக்குக் கதவு திறக்காது. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மேடமே குளிர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எடுத்தார். ஆடு 1 முதல் 20. ஆடு 21 முதல் 40. அடுத்த பெட்டியில் எலிகள். நாற்பத்தொன்றைக் காணோம். மறுபடி முதலிலிருந்து. என் மூச்சில் கண்ணாடி மங்கியது, துடைத்துக்கொண்டே நின்றேன். இருபது நிமிடம் இருக்கும். கடைசியில் செம்மறிப் பெட்டிக்குள் இருந்தது. மேடம் அதைக் கண்ணாடிப் பக்கம் தூக்கிக் காட்டினார். என் கையெழுத்து, ஜூன் 23, போன வருடம்.

மனித ரத்தம்தானா என்று பார்க்க ஒரு சோதனை. தொற்றுக்கு மறுபடி ஒரு சோதனை. உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை.

மனித ரத்தம். பாசிட்டிவ்.

அங்கேயே, எல்லார் முன்னாலும், விக்கி விக்கி அழுதேன். மேடம் கதவைத் திறந்து வெளியே வந்தார். தொடவில்லை, கையுறை போட்டிருந்தார். “உன் டாக்டருக்கு நானே லெட்டர் அனுப்பறேன்” என்றார். “ஹெச்ஆருக்கும் அனுப்பணும்.”

அட்டவணையில் வெள்ளாடு வரிசையில் ஒன்றைக் குறைத்தேன். மனுஷி வரிசையில் எதையும் சேர்க்கவில்லை.

கதிரிடம் நாளைக்கு. கிளினிக்கில் அவரும் இருப்பார், டாக்டரம்மாவே சொல்லட்டும். கோழைத்தனம்தான், தெரிகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிளினிக், காலை 10. டாக்டரம்மா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். போன வருடமே வந்த தொற்று, குழந்தைக்குப் பயமில்லை. ஊசி வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். கையெழுத்துப் போட்ட படிவத்தை எங்கள் முன்னாலேயே குறுக்கே அடித்தார். ஸ்கேன் நன்றாக இருக்கிறது.

கதிர் எழுந்து டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “தேங்க்யூ டாக்டர், தேங்க்யூ” என்று ஏழெட்டு முறை. பிறகு அந்தக் கடிதத்தைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார்.

ஹெச்ஆர் ஈமெயில் 11.20க்கு: திங்கள் முதல் வர வேண்டாம், விசாரணை முடியும்வரை.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஸீட். கடிதத்தை அவரே வைத்திருந்தார். நாலைந்து நிறுத்தம் போனது.

“வேலை போனா போகட்டும்” என்றார். “பாத்துக்கலாம்.”

“ம்.”

“நான் கையெழுத்துப் போட்டனே. அன்னைக்கு, பக்கத்துல உக்காந்துக்கிட்டு. அப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது எங்கள் நிறுத்தம் இல்லை.