வாயால் சொல்லக்கூடாதது

ஹம், ஜெர்மனி,
12.05.2025

என் செல்லத் தம்பி ரஜிதனுக்கு,

அக்கா யோகம் எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கேட்டாலும் சொல்லமாட்டாய், அதனால் கேட்கவில்லை. வேலை நேரம் தவிர வாய் திறக்கக் கூடாது, போனிலும் கதைக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னாராம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளைப் பேனை பிடிக்க வைத்துவிட்டாய்.

நேற்று நீ வர்ணனை செய்த பேஸ்போல் ஆட்டத்தை வெங்காயம் உரித்தபடி கேட்டேன். எனக்கு அந்த விளையாட்டும் விளங்காது, உன் வேகமான டொச்சுப் பாசையும் விளங்காது. குரல் விளங்கும். மணி மாதிரி இருந்தது, இப்போது கறள் பிடித்த இரும்புக் கேற் மாதிரிக் கிடக்கு. தொண்டையில் இருக்கிற கட்டியை வெட்டடா. புற்றுநோய் எண்டால் என்ன செய்வாய்? எழுத்துக் கோணலைப் பார்த்துப் பயப்படாதே, அது எப்பவும் கோணல்தான்.

அன்பு அக்கா,
யோகம்

மியூனிக்,
18.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தச் சொல்லை இனி எழுதாதேங்கோ. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பந்து எறிபவர் எதிரணியில் ஒருவரையும் அடிக்க விடாமல் எறிந்துகொண்டிருந்தால், ஆட்டம் முடியும்வரை வர்ணனையாளர் அதை வாயால் சொல்லமாட்டார். சொன்னால் குழம்பிவிடும். சிரிக்காதேங்கோ, நாங்கள் நம்புகிறோம்.

தொடக்கத்தில் ஒரு புல்வெளியில் நாலு பேருக்கும் ஒரு நாய்க்கும் கத்தினேன். பிறகு கழகத்தின் இணைய ஒளிபரப்பு. இப்போது தொலைக்காட்சி கூப்பிட்டிருக்கிறது, ஆவணியில் இறுதியாட்டம். சத்திரசிகிச்சை டெர்மின் திகதியை அதற்குப் பிறகு தள்ளிவைத்திருக்கிறேன். வெட்டினால் குரல் திரும்புமோ தெரியாது. கட்டி இருப்பது கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நீங்களும் மூச்சு விடாதேங்கோ.

ரஜிதன்

ஹம்,
27.05.2025

தம்பி,

முந்தநாள் ஆட்டத்தின் நடுவில் உன் குரல் நின்றுபோனது. சனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. நீ விழுந்துவிட்டாய் எண்டு கத்திக்கொண்டு, கையில் வெங்காயக் கத்தியோடு வெளியில் ஓடினேன். பக்கத்து வீட்டு மனுசி பொலிசுக்குப் போன் அடிக்கப் பார்த்தா. பிறகு நீ இருமினாய். ஒரு இருமலைக் கேட்டு இவ்வளவு சந்தோசப்பட்டவள் ஜெர்மனியில் நான் ஒருத்திதான்.

நேற்று உன் கழகத்து மனேச்சருக்குப் போன் எடுத்தேன். நீ சொல்லக்கூடாது என்றதைச் சொல்லிப்போட்டேன். என் உடைந்த டொச்சு விளங்காமல் அந்தாள் திருப்பித் திருப்பிக் கேட்டது. ஒவ்வொரு தரமும் புற்றுநோய், புற்றுநோய் எண்டு கத்தினேன்.

குரல் இல்லாத தம்பியோடு சண்டை பிடிக்கலாம். தம்பியே இல்லாவிட்டால் ஆரோடு பிடிக்கிறது?

அக்கா

மியூனிக்,
03.06.2025

யோகம் அக்காவுக்கு,

ஒலிவாங்கியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சிக்கும் செய்தி போய்விட்டது. இனித் தள்ளிவைக்கக் காரணம் இல்லை, 16ஆம் திகதி வெட்டுகிறார்கள். உங்களுக்குத் திருப்திதானே? ஆஸ்பத்திரிக்கு வராதேங்கோ.

ரஜிதன்

மியூனிக் ஆஸ்பத்திரி,
17.06.2025

தம்பி,

வந்துவிட்டேன். இதைத் தாதி கொண்டுவந்து தருவா. கட்டியை முழுதாக எடுத்துச் சோதனைக்கு அனுப்பினதாம், முடிவு வியாழக்கிழமையாம். குரல் வருமோ எண்டு கேட்டேன், தோளைத் தூக்கிக் காட்டினா.

கோழிக்கறி காய்ச்சிக்கொண்டு வந்தேன். உனக்கு விழுங்க ஏலாதாம். நானே சாப்பிட்டேன். உப்புக் கூடிப்போச்சு, உனக்கு நட்டமில்லை.

உன் கதவுக்கு வெளியில் கதிரையில் இருக்கிறேன். திட்டவேணும் எண்டால் இதன் மறுபக்கத்தில் எழுது, பேனையைக் கடிதத்துக்குள்ளே வைத்திருக்கிறேன். போகச் சொன்னால் மட்டும் போகமாட்டேன்.

அக்கா

அக்கா,

கோபம் இருக்கு. அது கெதியில் போகாது.

வியாழக்கிழமை வரைக்கும் என்னால் தனியக் கிடக்க ஏலாது. பயமாக் கிடக்கு. உள்ளுக்கு வாங்கோ.

தம்பி