அண்ணன் நட்ட கற்கள்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொன்னால் ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடைசிவரை படி.

போன வாரம் தையல் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது நம் நிலத்துப் பக்கம் போனேன். போனால், புதிதாகக் கல் நட்டிருக்கிறது! சுண்ணாம்பு அடித்து, கயிறு கட்டி, மூன்று பாகம். அண்ணன்தான் நட்டார் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். கிணறும் சாலை முகப்பும் அண்ணனுக்காம். நடுப்பகுதி எனக்கு. மழை பெய்தால் தண்ணீர் தேங்குமே அந்தப் பள்ளம், அது உனக்கு. எனக்கு வந்ததே கோபம்! அப்பா மூன்று பேருக்கும் பொதுவாக விட்டுப்போன இடத்தை இவர் யாரைக் கேட்டுப் பிரித்தார்?

நேரே வக்கீலம்மாவிடம் போனேன். என்னிடம் ரவிக்கை தைப்பவர் என்பதால் உட்கார வைத்துப் பேசினார். “கல்லு நட்டா கல்லுதான் நிக்கும், பாகம் ஆயிடாது” என்று சிரித்தார். பிரிக்காத நிலத்தில் இந்த மூலை என்னுடையது, அந்த மூலை உன்னுடையது என்று ஒருவர் தனியாக முடிவு பண்ண முடியாதாம். ஒவ்வொரு பிடி மண்ணிலும் மூன்று பேருக்கும் உரிமையாம். பிரிக்க வேண்டுமென்றால் மூவரும் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எனக்கு ஒரே ஆச்சரியம். அப்படியானால் கிணற்றில் ஒரு வாளி இறைத்தால் அதில் என் தண்ணீர் எது என்று கேட்டேன். “கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் இன்னொன்று உறைத்தது. நம் அண்ணன் அளவுச் சங்கிலி பிடித்தே தலை நரைத்த சர்வேயர். “மத்தவங்க சம்மதம் இல்லாம கல்லு நட்டா செல்லாதுய்யா” என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்! அவருக்கா இது தெரியாது? தெரிந்தும் ஏன் செய்தார்? உனக்குத்தான் தெரியுமே, ஒரு விஷயத்தின் அடிமுடி தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாளே அவர் வீட்டில் போய் நின்றேன்.

அண்ணன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணிதான் சொன்னார். உன் பங்கை அண்ணனுக்கே விட்டுவிடுவதாகவும், விடுதலைப் பத்திரம் எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போடுவதாகவும் நீ சொல்லி அனுப்பினாயாமே. அதிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிறகு ஒரு நாள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லை நட்டுவிட்டு, படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொன்னாராம்.

நான் விடுவேனா? ஏன், எதற்கு என்று அண்ணனையே குடைந்தேன். “பள்ளத்தைக் குடுத்தா சண்டை போடவாவது வருவான்னு பார்த்தேன்” என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஊரையே இரண்டாக்குகிற பையன்தானே நீ! அந்தப் படத்துக்கு என்ன பதில் போட்டாய்? “சரி அண்ணா, நல்லது.” அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னார். தூசியாவது மண்ணாவது, அழுதார்.

தம்பி, அப்பாவின் காரியத்துக்கு உன்னால் வர முடியவில்லை. லீவு தரவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். வராதவனுக்குப் பங்கு எதற்கு என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டாயா? உன்னிடம் யாரடா கேட்டது?

பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. நீ போடாதவரை, உன்னை ஒதுக்கிவிட்டு எங்களால் ஒரு பிடி மண்ணைக்கூடப் பிரிக்க முடியாது. கல்லைப் பிடுங்குங்கள் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். “அவன் வந்து பிடுங்கட்டும்” என்கிறார். கடவுள் உனக்கு எந்தக் குறையும் வைக்காமல் இருக்கட்டும். கோபத்தை மட்டும் கொஞ்சம் கொடுக்கட்டும். வந்து எங்களோடு நன்றாகச் சண்டை போடடா.

மூன்றில் ஒரு பங்கு உரிமையுடன்,
உன் அக்கா