பாய் விரித்த வகுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா, தம்பி, நான் மூவரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அதை நான் நம்பவில்லை. சனிக்கிழமை உன் அறைத்தோழி போன் செய்தாள். வாலிபர் முகாமில் மேடையிலேயே நீ மயங்கி விழுந்ததையும், டாக்டர் பத்து நாள் படுக்கச் சொன்னதையும், மூன்றாம் நாளே அடுத்த முகாமுக்கு நீ பை அடுக்கியதையும் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, துருவித் துருவிக் கேட்டது நான்தான்.

இங்கே என் ஞாயிறு வகுப்பும் ஆட்டம் கண்டிருக்கிறது. சலவைக்காரம்மா மகளைத் தெரியுமில்லையா, பத்து வயது, விடியும் முன் தண்ணீர் பிடித்து இரண்டு தம்பிகளைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறவள். போன மாதம் ஒரு ஞாயிறு, புயலில் இயேசு ஆண்டவர் படகில் தூங்கிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன், நடுவில் அவள் தூங்கிவிட்டாள். எழுப்பி நிற்க வைத்தேன். நின்றபடியே தூங்கி பெஞ்சு முனையில் விழுந்தாள், உதடு கிழிந்தது. நான் ரத்தத்தைத் துடைக்கும்போது பின்வரிசை வாயாடி கேட்கிறான், "டீச்சர், அவரு தூங்கினா பாடம், இவ தூங்கினா தண்டனையா?" பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறே பாய் விரித்தேன். முதல் அரைமணி நேரம் வேண்டியவர்கள் படுக்கலாம், பிறகுதான் பாடம். இரண்டாம் வாரம் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கேட்டாள், "அவ்வளவு காத்துல அவருக்கு எப்படி டீச்சர் தூக்கம் வந்துச்சு? பரலோகத்துல இருக்கிற அவரோட அப்பா பாத்துக்குவாருன்னு தெரியுமோ?" பதினோரு வருடமாக வேத வசனத்தை மண்டையில் அடித்து ஏற்றுகிறேன், ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை.

நேற்று சபைச் செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டார். வசனம் ஒப்பிக்கும் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, கேடயம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. "இதென்ன சண்டே கிளாஸா, சத்திரமா?" என்றார். அவர் பிள்ளைகள் எட்டு மணி வரை தூங்கி காரில் வந்து இறங்குகிறவர்கள், அடுத்தவன் பிள்ளை கண்ணயர்ந்தால் மட்டும் அது சோம்பேறித்தனம். வரும் ஞாயிறு கமிட்டியில் நான் மன்னிப்புக் கேட்டுப் பாயைச் சுருட்ட வேண்டுமாம், இல்லையென்றால் வகுப்பு வேறு ஆளுக்கு. அதோடு விட்டாரா, பெற்றோர் எல்லார் முன்னாலும், "உங்க மகளப் பாருங்கம்மா, ஓய்வுன்னா என்னன்னே தெரியாம ஊழியத்துல ஓடுறா. அவளப் பெத்தவங்களா நீங்க?" என்றார். முந்தின நாள்தான் உன் செய்தி கேட்டிருந்தேன். நீ மறைத்ததை நான் எப்படி உடைப்பது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன் அப்பா அவரிடம் பள்ளி வேன் ஓட்டுகிறவர், "தலைய ஆட்டிட்டுப் போயேன்டி, உனக்கென்ன குறைஞ்சு போகுது" என்கிறார்.

குறையத்தான் போகிறது. உனக்கு ஒன்பது வயதில், கொதிக்கிற காய்ச்சலில், மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து உன்னை வசனப் போட்டி மேடையில் ஏற்றினேன். சோர்வு சாத்தானுடைய தந்திரம் என்றேன். ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு இறங்கி வாந்தி எடுத்தாய். முதல் பரிசு. அதைப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பக்தி என்று உனக்கு நான் கொடுத்தது பயத்தைத்தான் மகளே. நீ படுத்தால் ஆண்டவர் கோபிப்பார் என்ற பயம். அது என் தப்பு, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அதனால் ஞாயிறன்று நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அவர் உன்னை உதாரணம் காட்டினால், நீ மேடையில் விழுந்ததைக் கமிட்டி முன் சொல்லிவிடுவேன், நான் உன்னை வளர்த்த விதத்தையும் சேர்த்து. உன் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், படுத்துக்கொண்டே கோபப்படு. வகுப்பு போனால் போகட்டும், மகளை நம் வீட்டுக்கே அனுப்பச் சொல்லி சலவைக்காரம்மாவிடம் பேசிவிட்டேன், நம் முன்னறையில் என் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரும் தாராளமாகப் படுக்கலாம்.

கர்த்தர் உன்னைக் காத்து, உனக்குப் பயமில்லாத தூக்கத்தைத் தருவாராக. மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு. இதற்குப் பதில் எழுதுகிறேன் என்று எழுந்து உட்காராதே.

இப்படிக்கு,
உன்னைக் காய்ச்சலோடு மேடையேற்றிய
அம்மா