சுப்பவைசருக்கு ஏன் சூட்டுக் காயம்?

12 மார்ச் 2007, திங்கள்

பத்து மணிக்கு முதலாளி மெஷின்களை நிறுத்தச் சொன்னார். மாதக் கடைசியோடு தொழிற்சாலை பூட்டு. காற்சட்டை எல்லாம் இனி வங்காளதேசத்தில்தான் தைப்பார்களாம். அறுபது பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா? பதினேழு வருசம் அந்த இடத்தைத் தாங்கி நின்றவன் நான். முதலாளி முன்கூட்டி என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அவர் பிரெஞ்சில் சொன்னதை நம்மாட்களுக்கு நான்தான் விளங்கப்படுத்தினேன்.

மனுசி யோசெப்பினும் அங்கேதான் தையல். இந்த டயறிக் கொப்பியைப் பார்த்தால், விளங்கப்படுத்தினது எங்களோடு வேலை செய்த வலன்ரைன் என்பாள். சரி, அவன் பாதி, நான் பாதி.

30 மார்ச், வெள்ளி

கடைசி நாள். யோசெப்பின் தன் கத்தரிக்கோலையும் கதிரையில் போட்டிருந்த மெத்தையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் நீராவி அயனைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சும்மாதான். சுப்பவைசர் என்றால் எல்லாச் சாமானையும் ஒருக்கால் பார்க்கத்தானே வேண்டும்.

17 ஏப்பிரல், செவ்வாய்

அரசாங்கம் எங்களைக் கைவிடவில்லை. தொழிற்சாலை வெளிநாடு போனதால் வேலை இழந்த, ஐம்பத்தைந்து தாண்டிய தொழிலாளருக்கு ஓர் உதவித் திட்டம் இருக்கிறது. ஒரு வருசம் பிரெஞ்சு வகுப்பு, கம்பியூட்டர், பிறகு வேலையும் தேடித் தருவார்களாம். படிக்கும்வரை கிழமைக்குக் கிழமை உதவிப் பணம். வேலை போனவர்களுக்குக் கொடுக்கிற சோமாஜ் காசு குளிர்காலத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எங்களுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. இந்த வயதில் யார் எனக்கு வேலை தருவான்? (பார்வைக்கு நாற்பத்தைந்துதான் சொல்லுவார்கள்.)

மகள் ஜெயனி படிவங்களை நிரப்பினாள். தாய்க்குத் ‘தையல்’ என்று எழுதினாள். பிறகு என்னுடையது.

“அப்பா, உங்கட வேலை என்னெண்டு போட?”

பேனையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

“சுப்பவைசர்.”

குசினியில் யோசெப்பின் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

9 மே, புதன்

கடிதம் வந்தது. யோசெப்பினை எடுத்துவிட்டார்கள். என்னை எடுக்கவில்லை. இது தொழிலாளருக்கான திட்டமாம், நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இல்லையாம்.

நிர்வாகம்! என் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அரசாங்கம் என்னைப் பெரிய ஆள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அதுவும் இப்படி.

யோசெப்பின் இரண்டு கடிதத்தையும் ஃபிரிஜ்ஜில் ஒட்டிவிட்டு, “சேர், தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்று கேட்டாள்.

10 மே

இன்னும் சேர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

14 மே, திங்கள்

சரி. இந்தக் கொப்பிக்காவது உண்மையைச் சொல்லுவம். நான் அயன்காரன். தைத்து வருகிற காற்சட்டைக்கு மடிப்பு வைக்கிறதுதான் என் வேலை. 91இல் சுப்பவைசர் காய்ச்சலில் கிடந்தபோது, ரெண்டே ரெண்டு நாள், அந்தாள்ர லிஸ்டைக் கையில பிடிச்சுக்கொண்டு நடந்தனான். அந்த ஞாயிறே மாதா கோயிலில் நான்தான் சுப்பவைசர் என்று சொன்னேன். ரெண்டு நாள் அப்படியே பதினாறு வருசமாய்ப் போச்சு. பெருநாள் கமிட்டியில் உபதலைவர் பதவியும் அதனால்தான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

கோயிலில் யோசெப்பினை விட்டால் உண்மை தெரிந்தவன் வலன்ரைன் ஒருவன். பக்கத்து மேசை அயன்காரன். நான் தொழிற்சாலைக் கதை எடுத்தால் போதும், இருமுவான். அவனுக்குக் காய்ச்சல், வருத்தம் ஒன்றும் கிடையாது. என் கதைக்கு மட்டும் வருகிற இருமல்.

நான் அயன்காரன்தான் என்று திட்டக் கந்தோரில் போய்ச் சொன்னால், இப்போது என்ன சொல்கிறார்கள்? முதலாளியின் கடிதம் வேண்டும், அல்லது கூட வேலை செய்த ஒருவர் எழுதித் தர வேண்டும். யூன் எட்டுக்கு முன்னம். முதலாளி போனை எடுக்கிறாரில்லை. குடும்பத்து ஆட்களும் கூடாதாம்.

“என்ர கையெழுத்துச் செல்லுமெண்டா இப்பவே ரெண்டு தரம் வைப்பன்,” என்கிறாள் யோசெப்பின்.

ஆக, வலன்ரைன். ஐயோ.

20 மே, ஞாயிறு

பூசை முடிந்து அவனை ஒரு மூலைக்குக் கூட்டிப்போகப் பார்த்தேன். தேத்தண்ணி மேசையை விட்டு அசையவில்லை. சுற்றிவரப் பத்துப் பேர்.

“என்ன அண்ணை, இங்கயே சொல்லுங்கோவன்.”

சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

“அப்ப, நீங்கள் அயன்காரன் எண்டு நான் எழுதித் தரவேணும்?” மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஓம்.”

நல்லம்மா அக்கா பணிஸைக் கடித்தபடி திரும்பினா. “இதென்ன புதினமே? என்ர மோன்ர கலியாணக் கோட்டுக்கு அயன் போட்டது ஆர்? எந்தச் சுப்பவைசர் அப்பிடி மடிப்பு வைப்பான், அம்புறோஸ்?”

ஒருத்தரும் ஆச்சரியப்படேல்லை. அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு. எல்லாருக்கும் தெரியுமாம்! பதினாறு வருசம் நான் பட்ட பாடு?

வலன்ரைன் அங்கேயே ஒரு தாளில் பிரெஞ்சில் நாலு வரி எழுதினான். கடைசி வரி என்னவென்று கேட்டேன்.

“எங்கட இடத்தில திறமான அயன்காரன் எண்டு போட்டிருக்கிறன். அது பொய்யில்லை.” என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

பின்னேரம் ஜெயனி புதுப் படிவத்தோடு வந்து இருந்தாள். அவளிடம் சொல்லத்தான் எனக்கு வெட்கமாய்க் கிடந்தது. நான் தொடங்க முதலே என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“எனக்குப் பத்து வயசிலயே தெரியும் அப்பா. சுப்பவைசருக்கு ஏன் கையில இவ்வளவு சூட்டுக் காயம்?”

“அப்ப ஏனடி சுப்பவைசர் எண்டு எழுதினனீ?”

“நீங்கள் சொன்னதைத்தானே எழுதினன்.”

4 யூன், திங்கள்

கந்தோரில் அதிகாரி மதாம் வலன்ரைன்ர கடிதத்தை இரண்டு தரம் வாசித்தா. படிவத்தை வாங்கும்போது என் கையையும் பார்த்தா. பிறகு முத்திரை குத்தினா. எடுத்துவிட்டார்கள்!

எழும்பி நின்று கை கொடுத்தா என்று எழுத வந்தேன். இருந்தபடிதான் கொடுத்தா.

27 ஓகஸ்ட், திங்கள்

முதல் வகுப்பு. பக்கத்தில் யோசெப்பின், பின் வாங்கில் வலன்ரைன். ஒவ்வொருவரும் எழும்பிப் பெயரும் பார்த்த வேலையும் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நான் அம்புறோஸ், பதினேழு வருசம் காற்சட்டைக்கு அயன் போட்டேன் என்றேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ரீச்சர், சின்னப் பிள்ளை, மணித்தியாலத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று ஆசையாகக் கேட்டது.

நூறு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“நாற்பது,” என்றேன்.

காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். வலன்ரைன் இருமவில்லை.