மோரிஸ் மைனரின் வெள்ளை வயர்

மேட்டுப்பாளையம்
6.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு மகாலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் அண்ணியும் நலம்தானே? அப்பாவின் கருமாதி அன்று, இனி என் குரலைக் கேட்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். போன் செய்தாலும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

அப்பா என் கல்யாணத்துக்குக் கொடுத்த மோரிஸ் மைனருக்கு இவர் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார். மே மாதம் ஊட்டியில் பழைய கார்களின் அணிவகுப்பில் ஓட்ட வேண்டுமாம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு விளக்கும் எரியவில்லை, இன்ஜினும் யாருக்கும் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் இரண்டு பேர் வயரிங்கைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

"உங்கண்ணன் குந்தா பவர்ஹவுசுல இஞ்சினியரா இருந்தவருதானே? ரிட்டயராகிச் சும்மாதானே இருக்கறாரு, எழுதிக் கேளு" என்கிறார். கேட்கிறேன். முடியாது என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் லாரியில் ஏற்றி அனுப்புகிறோம்.

தங்கை
மகாலட்சுமி


குன்னூர்
14.2.2024

மகாலட்சுமிக்கு,

லாரி வந்தது. வண்டியை இறக்கிக்கொண்டேன். உனக்காகவும் இல்லை, உன் வீட்டுக்காரருக்காகவும் இல்லை. அப்பா கட்டபெட்டு எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரையிடம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அது செய்த பாவம் ஒன்றுமில்லை, உங்கள் வீட்டுக்குப் போனதைத் தவிர.

உன் வீட்டுக்காரர் நல்லசாமியின் ரசனையை மெச்ச வேண்டும். வெளியே முகம் பார்த்துத் தலை சீவலாம். பானட்டைத் திறந்தால் குப்பைமேடு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம். நூல் சுற்றிய அந்தக் காலத்து வயர்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் உண்டு. உங்கள் ஆட்கள் அறுந்த இடமெல்லாம் வீட்டுக்குப் போடும் சிவப்பு வயரை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடிக்கிறது. பேட்டரியையும் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர வேண்டும். அதுகூடத் தெரியாதவர்களுக்கு அணிவகுப்பு ஒரு கேடு! தொப்பியும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு படம் எடுக்க நிற்கும் கூட்டத்துக்கு வண்டி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு வயராக இரண்டு முனையையும் விடுவித்து மீட்டரை வைத்துப் பார்க்கிறேன். நடுவில் அறுபடாமல் இருந்தால் மீட்டர் கீச்சிடும். கீச்சிட்ட வயரில் பெயர் எழுதி ஒட்டுகிறேன். கீச்சிடாததை அது போகும் வழியெல்லாம் தடவிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். குன்னூர் ஈரத்தில் விரல் மரத்துப்போகிறது.

உன் அண்ணி சாந்தாமணி பிரேக்கை மிதித்து உதவுகிறேன் என்று வந்து உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, அந்தப் புள்ள அன்னைக்கு ஏன் வல்லீன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறாள். கேட்க என்ன இருக்கிறது? கடைசி நாள் குன்னூர் ஆஸ்பத்திரியில் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினாய். என் கையால் வயரிங் பார்த்துக் கொடுத்த வண்டி, எப்படி ஆகாமல் போகும்? ஒன்று, சோக்கை இழுத்து இழுத்துப் பெட்ரோலில் மூழ்கடித்திருப்பாய். இல்லையென்றால் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டாய்.

மனோகரன்


மேட்டுப்பாளையம்
25.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வண்டியை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. ஈரத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள், உங்களுக்கு உடனே சளி பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அன்று பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கோத்தகிரி வழியாகக் கார்களை மட்டும் விட்டார்கள். டாக்ஸிக்காரர்கள் யாரும் மழையில் மலை ஏற வரவில்லை. இவர் திருப்பூரில் இருந்தார். சாவி ஆணியில்தான் தொங்கியது. ஸ்டார்ட்டரை இழுத்தால் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. மதியம் வரை இழுத்தேன். பேட்டரி செத்துவிட்டது. நடுவில் இவருக்குப் போன் செய்தேன். "அது உன் கைக்கு வராதுன்னு எத்தனை தடவை சொல்லீருக்கறன்? பேசாம ஊட்டுல உக்காரு" என்றார்.

என் கைக்கு வந்துகொண்டிருந்த வண்டிதான், அண்ணா. ஒரு தடவை யாருக்கும் சொல்லாமல் நானே ஓட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தேனே, நினைவிருக்கிறதா? அப்பா தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கப்புறம்தான் எனக்கு அது கிளம்பாமல் போயிற்று. இவருக்கு மட்டும் உடனே கிளம்பும். நானும் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். பிறகு ஓட்டுவதையே விட்டுவிட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மகாலட்சுமி


குன்னூர்
11.3.2024

மகாலட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது, சாக்கு ஏற்பாடு செய்வதில் நீ தேறிவிட்டாய் என்றுதான் நினைத்தேன்.

நேற்று நல்லசாமி வந்தார். கோயம்புத்தூர் நண்பர்கள் இரண்டு பேரை வேறு கூட்டிக்கொண்டு, கையில் ஒரு பொட்டலம் வர்க்கியோடு. குன்னூர்க்காரனுக்குக் குன்னூர் வர்க்கி! நண்பர்கள் பார்க்கக் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கை தானாக டாஷ்போர்டுக்கு அடியில் போய், திரும்பி வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"என்ன மாப்பிள்ளை, சாமி படத்தை அங்கியா ஒட்டி வெச்சிருக்கறீங்க?" என்றேன்.

"பழக்கமுங்க மச்சான். தொட்டுக் கும்புட்டாத்தானுங்க இந்த வண்டி கெளம்பும்" என்றார். நண்பர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். இறங்கும்போதும் அந்தக் கை ஒரு தடவை அடியில் போய்வந்தது. எல்லா டிரைவரும் ஸ்டீயரிங்கைத் தொட்டுத்தான் கும்பிடுவார்கள். இவர் மட்டும் ஏன் அடியில் தடவுகிறார்?

மற்ற வயர்களையெல்லாம் ஏற்கெனவே சரிசெய்துவிட்டேன்; அவர்கள் போனதும் மிச்சமிருந்த வெள்ளை வயரை எடுத்தேன். சாவி போட்டால் மின்சாரம் அதன் வழியாகத்தான் இக்னிஷன் காயிலுக்குப் போகும். அது அறுந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. மீட்டர் கீச்சிடவில்லை. தடவிக்கொண்டே போனேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் அதை வெட்டி, இரண்டு கறுப்பு வயர்களைச் சேர்த்து வலது மூலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே விரல் நுனி அளவில் ஒரு சுவிட்ச். தட்டினேன். மீட்டர் கீச்சிட்டது. இன்னொரு தடவை தட்டினேன். நின்றது. ஒட்டிய டேப் உலர்ந்து பொடியாக உதிர்ந்தது, சமீபத்தில் வைத்ததல்ல.

அப்பா சாகக் கிடக்கிறார் என்று போனில் அழுதிருப்பாய். அப்போதும், அடியில் கையை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டு என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் அற்பர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடும் சாக்கில் பெண்டாட்டியைக் கட்டிப்போட்ட அற்பனை இப்போதுதான் பார்க்கிறேன்.

அன்று வண்டி கிளம்பாததற்கு உன் கை காரணமில்லை. வயரிங் பார்த்தவன் சொல்ல வேண்டியது இது. சொல்லிவிட்டேன். சுவிட்சைப் பிடுங்கி அவர் முகத்திலேயே எறியலாம் என்றிருக்கிறேன்.

மனோகரன்


மேட்டுப்பாளையம்
16.3.2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவர் ஹாலில் உட்கார்ந்து அணிவகுப்புக்குத் தொப்பி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று படித்தேன்.

அடியில் தடவிக் கண்ணில் ஒற்றுவதை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். நானும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவி போடுவேன். "உன்ற பக்தி பத்தலயாட்டம் இருக்குது" என்று சிரிப்பார்.

இவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் கையில் எனக்கே நம்பிக்கை போக, இவருக்கு ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது. என்மேல் உங்களுக்கு நம்பிக்கை போக எதுவும் தேவைப்படவில்லை. அப்பா வாசலைப் பார்த்தார் என்று இப்போதும் எழுதுகிறீர்கள். அந்த வாசலுக்கு வர நான் என்ன பாடுபட்டேன் என்று கேட்கச் சொன்னது அண்ணி மட்டும்தான். மீட்டர் கீச்சிட்ட பிறகுதான் நீங்கள் நம்பினீர்கள்.

சுவிட்சைப் பிடுங்க வேண்டாம். இடத்தை மாற்றுங்கள். இவர் கை எப்படித் தடவினாலும் எட்டாத இடமாக இருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம் என் பெயரில்தான் இருக்கிறது. மே மாதம் தொப்பி போட்டுக்கொண்டு, நண்பர்கள் பார்க்க இவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொட்டுக் கும்பிடட்டும்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வண்டியை நானே ஓட்டிக்கொண்டு இறங்குவேன். புது இடத்தை அண்ணியிடம் சொல்லி வையுங்கள். அண்ணி வந்து காட்டினால் போதும். நீங்கள் வெளியே வர வேண்டாம்.

மகாலட்சுமி