சுவரில் என் படம், சாலையில் என் பேத்தி

அனுப்புநர்:
லிப்ட் மெக்கானிக்கின் பாட்டி,
மோட்டார் சைக்கிளின் சட்டப்படியான உரிமையாளர்,
தையற்கடைக்கு மேல் மாடி,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
மூன்றாம் மாடி.

பொருள்: மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் சாலை உதவி தராமல் காக்க வைத்ததும், அதனால் என் பேத்தி தன் பிரிவிலிருந்து தூக்கப்பட்டதும் – சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இருக்காது. எனக்கு மறதி கிடையாது என்பதை என் சம்பந்தி வீட்டாரைக் கேட்டால் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள்.

1. வண்டி என் கணவருடையது. அவர் காலமான பிறகு என் மகன் தன் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டான். தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே வண்டியில் சினிமாவுக்குப் போனவன் அவன். ஆகவே என் பெயருக்கே மாற்றிக்கொண்டேன். ஓட்டுவது என் மகள் வயிற்றுப் பேத்தி. லிப்ட் கம்பெனியில் அவசரப் பிரிவு மெக்கானிக். லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட ஓடுவாள்.

2. இப்படி ஓடுகிறவள் வழியில் நின்றுவிடக் கூடாது என்றுதான் மேற்படி சங்கத்தில் சேர்ந்தோம். வண்டி எங்கே நின்றாலும் ஒரு போன் போதும், வேன் வரும், அங்கேயே சரிசெய்வார்கள், முடியாவிட்டால் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்றார் சங்கச் செயலாளர். அறைக்குள்ளும் கூலிங்கிளாஸைக் கழற்றாதவர். உரிமையாளர்தான் உறுப்பினராக முடியும் என்றும் அவரே சொன்னார். என் பேத்தி தெளிவாகக் கேட்டாள்: "வண்டி பாட்டி பேர்ல இருக்கு, ஓட்டறது நான். பின்னாடி பிரச்சினை வராதே?" அவர் சொன்ன பதில்: "உதவி வண்டிக்குத்தாம்மா. ஓட்டறது யாரா இருந்தா என்ன?" நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதுவும் நினைவிருக்கிறது.

3. அன்றே என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, ஸ்டாண்டு போட்ட வண்டிமேல் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அதைப் பெரிதாக்கி, "எங்கள் மூத்த ரைடர்" என்று எழுதி, சங்கச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். துண்டுப் பிரசுரத்திலும் போட்டார்கள். எங்கள் தெருவில் என்னைக் கேலி செய்யாதவர் இல்லை. பேத்திக்குப் பாதுகாப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

4. சென்ற வாரம், அடுக்குமாடி ஒன்றில் ஒரு தாயும் கைக்குழந்தையும் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தகவல் வந்தது. பாதி வழியில், மேம்பாலம் ஏறுகிற இடத்தில், செயின் அறுந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டியைத் தள்ளவும் முடியவில்லை. உடனே சங்கத்துக்குப் போன் செய்தாள். "வேன் கிளம்பிடுச்சு, இதோ வந்துடும். வண்டியை விட்டுட்டு எங்கயும் போகாதீங்க, போனா உதவி கேன்சல்" என்றார்கள். நம்பி நின்றாள். அவள் செய்த தப்பு இது ஒன்றுதான். அந்த நிமிடமே கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்திருந்தால் இந்த மனுவே இல்லை.

5. வேன் கிளம்பவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டாம். உறுப்பினர் பெட்ரோல் டேங்கின்மேல் கை வைத்து நிற்கிற படத்தை அனுப்பினால்தான் வேன் புறப்படுமாம். ஊரார் வண்டிக்கெல்லாம் உதவி கேட்டு ஏமாற்றுகிறார்களாம். அதை முதலிலேயே சொல்லவில்லை. காத்துக் காத்து அவள் மறுபடி கூப்பிட்ட பிறகே சொன்னார்கள். அவள் என்னை அழைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிய புடவையோடு ஆட்டோவில் போய் இறங்கி, டேங்கில் கை வைத்து நின்றேன். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் வேடிக்கை பார்த்தது. படம் அனுப்பினோம். ஹெல்மெட் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பேத்தியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி நின்றேன். அடுத்து என் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார்கள்.

போனை நானே வாங்கி, "ஏம்ப்பா, உள்ள ஒரு பச்சப்புள்ள மாட்டிக்கிட்டு இருக்கு" என்றேன். மறுமுனையில் இருந்த பெண் சொன்னது: "அது எங்க மெம்பரா பாட்டிம்மா?"

ஐயா, லிப்டுக்குள் மாட்டியவரிடம் உறுப்பினர் எண்ணைக் கேட்டுவிட்டா என் பேத்தி கதவைத் திறக்கிறாள்?

6. நான் வந்த ஆட்டோவிலேயே அவளை ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டிக்குக் காவலாக வெயிலில் நின்றேன். அவள் போய்ச் சேருவதற்குள் தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் என் பேத்தி அவசரப் பிரிவில் இல்லை. இப்போது ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கிறாள். "வேன் வருது, போகாதேன்னு சொன்னது நாங்கதான்னு சங்கத்துல எழுதி வாங்கிட்டு வா, பழையபடி அனுப்பறேன்" என்று அவள் மேனேஜர் சொல்லியிருக்கிறார். மாதம் முடிந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவாராம். வீட்டுக்கு வந்தும் அவள் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

7. அந்த ஒரு வரிக்காகச் சங்கத்துக்குப் போனேன். கூலிங்கிளாஸ்காரர் சொன்னார்: "உங்களுக்கு உதவி பண்ண வேண்டிய அவசியமே இல்லையே பாட்டிம்மா. அப்புறம் எப்படி லேட்டுன்னு எழுதறது? லைசென்ஸ் இல்லாத நீங்க எப்படி ரைடர் ஆவீங்க?" அவர் தலைக்கு நேர் மேலேதான் என் படம். நான் கையை உயர்த்திக் காட்டினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "காத்து பத்தலையா?" என்றார்.

இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவரையும் மறக்க விட மாட்டேன்.

8. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி, மாதம் முடிவதற்குள் அந்தச் செயலாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கையெழுத்திடும்போது கூலிங்கிளாஸைக் கழற்றச் சொல்லவும், எதில் போடுகிறோம் என்று தெரியட்டும். நான் ரைடர் இல்லை என்றால் என் படத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டும். ரைடர்தான் என்றால் அன்று வேன் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். இரண்டும் இல்லாமல் நழுவினால் சம்மதமில்லை.

பேத்தி இதையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறாள். அவள் குணம் அவள் தாத்தாவின் குணம்.

9. கடைசியாக ஒன்று. தங்கள் அலுவலக லிப்டும் அவள் பொறுப்பில் இருந்ததுதான். இன்று நான் ஏறி வரும்போது இரண்டாம் மாடிக்கு மேல் ஒரு உதறு உதறி, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. இது மிரட்டல் அல்ல, தகவல். உள்ளே நின்றுவிட்டால், தாங்கள் அவசரப் பொத்தானை அழுத்தும்போது அந்தப் பக்கம் போனை எடுக்கப்போவது என் பேத்திதான். மரியாதையாகத்தான் பேசுவாள். ஆனால் வரமாட்டாள். அவளை வர விடாமல் வைத்திருக்கிறார்கள்.

தங்கள் பதில் கையில் கிடைக்கும்வரை கீழே போகிற உத்தேசம் எனக்கு இல்லை. போகும்போது படியில்தான் போவேன்.

நாள்: 19, செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு

இப்படிக்கு,
(கையொப்பம்)
சுவரில் ஹெல்மெட்டோடு இருப்பவள்